துணைக்கு வந்தவள்: சிறப்பு மருத்துவமனையில் பெண்ணின் நோய்

திருக்குறளின் ‘மருந்து’ அதிகாரம் மருத்துவத்தை நான்கு கூறாகப் பிரித்துச் சொல்லி முடிகிறது. நோயுற்றவன், அந்த நோயைத் தீர்க்கும் மருத்துவன், மருந்து, அருகிருந்து மருந்தைக் கொடுப்பவன். மருந்து நீங்கலாக மற்ற மூவரும் ஆண்பால் விகுதியில் வருகிறார்கள். செய்யுள் வழக்கில் ஆண்பால் இருபாலுக்கும் பொதுவாக நிற்கும் என்று வகுப்பில் நாமே சொல்லிக்கொடுக்கிறோம். அப்படியே வைத்துக்கொள்வோம். இன்றைய அரசுப் பெருமருத்துவமனை ஒன்றின் புறநோயாளிப் பிரிவில் காலை எட்டு மணிக்கு நின்று, இந்த நான்கில் பெண் எங்கே இருக்கிறாள் என்று பார்த்தால் விடை உடனே கிடைத்துவிடும். எக்ஸ்ரே கவரை நெஞ்சோடு அணைத்தபடி, ஒரு கையில் ஃபிளாஸ்க்கும் மறுகையில் ஓபி சீட்டுமாக வரிசையில் நிற்பவள் பெண். ரத்தப் பரிசோதனை முடிவை வாங்க மூன்று மாடி ஏறி இறங்குபவள் பெண். ராத்திரி வார்டு வாசலில் சேலையை விரித்துப் படுப்பவளும் பெண்தான். மருத்துவமனை அவளை ‘அட்டெண்டர்’ என்கிறது. உங்களுக்கு என்ன உடம்புக்கு என்று கேட்டால், “எனக்கு ஒண்ணுமில்லை, துணைக்கு வந்திருக்கேன்” என்பாள்.

அந்த “எனக்கு ஒண்ணுமில்லை”யை நாம் நம்பலாமா என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

நான் மருத்துவம் படித்தவள் இல்லை. பிரதிகளை வாசிப்பது என் தொழில். ஒரு பாடலில் யார் பேசுகிறார்கள், யாரைப் பற்றிப் பேசுகிறார்கள், யார் வாய் திறக்கவே இல்லை என்று கேட்கத் தமிழ் இலக்கியம் எனக்குக் கற்றுக்கொடுத்தது. மருத்துவமனைப் பதிவேடும் ஒரு பிரதிதான். அதையும் அதே கேள்விகளோடு வாசிக்கலாம்.

‘வந்தவர்களில்’ என்ற சொல்

மருத்துவ இதழ்களில் ஒரு வகைக் கட்டுரை உண்டு. எங்கள் மருத்துவமனைக்கு இத்தனை ஆண்டுகளில் வந்த நோயாளிகளிடம் இந்த நோய் எப்படிக் காணப்பட்டது என்று விவரிப்பது. இதயம், சிறுநீரகம், கல்லீரல், நரம்பு என எந்த உறுப்பைப் பற்றியும் இப்படி எழுதலாம். முதல் அட்டவணையில் வயதும் பாலினமும் இருக்கும். ஆண்கள் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கு, பெண்கள் ஒரு பங்கு என்பதுபோல ஒரு கணக்கு வரும். கட்டுரை முடிவுக்கு வரும்போது அந்தக் கணக்கு, ‘இந்நோய் ஆண்களிடம் அதிகம் காணப்படுகிறது’ என்ற வாக்கியமாகிவிடும். ‘வந்தவர்களில்’ என்ற சொல் வழியில் எங்கோ உதிர்ந்துவிடும். புகை, மது, ஆபத்தான வேலை ஆகியவற்றால் சில நோய்கள் ஆண்களுக்கு உண்மையிலேயே அதிகம்தான். ஆனால் எது நோயின் இயல்பு, எது வாசலைத் தாண்ட முடிந்தவர்களின் கணக்கு என்று அந்த அட்டவணையால் பிரித்துச் சொல்ல முடியாது.

உதிர்ந்த அந்தச் சொல்லைத் தேடிப்போன ஆய்வு ஒன்று உண்டு. தில்லி எய்ம்ஸ் மருத்துவமனையின் புறநோயாளிப் பிரிவில் 2016ஆம் ஆண்டு பதிவான 23,77,028 வருகைகளை ஆய்வாளர்கள் எடுத்து எண்ணினார்கள். முடிவு 2019இல் ‘பிஎம்ஜே ஓப்பன்’ இதழில் வெளிவந்தது. மகப்பேறு, மகளிர் நோய்ப் பிரிவுகளை அவர்கள் கணக்கில் சேர்க்கவில்லை. மற்ற எல்லாப் பிரிவுகளிலும் சேர்த்து, ஒரு பெண்ணின் வருகைக்கு 1.69 ஆண்களின் வருகை. நோயாளிகள் பெரும்பாலும் வருகிற மாநிலங்களின் மக்கள்தொகையிலோ ஒரு பெண்ணுக்கு 1.09 ஆண். மருத்துவமனை இருக்கும் தில்லியிலிருந்து வந்தவர்களிடையே இந்த விகிதம் 1.41. தொலைவிலுள்ள பீகாரிலிருந்து வந்தவர்களிடையே 2.37. தூரம் கூடக் கூடப் பெண் குறைந்துகொண்டே போகிறாள். இளம் வயதினரிடம் இந்த இடைவெளி இன்னும் அகலம். தில்லி, ஹரியானா, உத்தரப் பிரதேசம், பீகார் ஆகிய நான்கு மாநிலங்களிலிருந்து வந்திருக்க வேண்டிய, ஆனால் நிகழாமல் போன பெண்களின் வருகைகள் 4,02,722 என்று அவர்கள் கணக்கிட்டார்கள்.

அந்த எண்ணைச் சற்று நேரம் பார்த்துக்கொண்டிருங்கள். இது நோயாளிகளின் எண்ணிக்கை இல்லை. போடப்படாத ஓபி சீட்டுகளின் எண்ணிக்கை.

‘வறுமைதான் காரணம், சிகிச்சையை இலவசமாக்கினால் சரியாகிவிடும்’ என்று சொல்பவர்கள் உண்டு. ராஜஸ்தானில் அரசின் காப்பீட்டுத் திட்டத்தின்கீழ் நடந்த நாற்பது லட்சத்துக்கும் மேற்பட்ட மருத்துவமனை வருகைகளை ஆராய்ந்தபோது, பத்து வயதுக்கு உட்பட்டவர்களில் பெண் குழந்தைகள் 33 சதவீதம்தான். ஐம்பதைத் தாண்டியவர்களில் பெண்கள் 43 சதவீதம். சிகிச்சை இலவசமான பிறகும் கணக்கு நேராகவில்லை. ஏனென்றால் பேருந்துக் கட்டணம், ஒருநாள் கூலி இழப்பு, உடன் வர ஓர் ஆள், வீட்டில் சோறாக்க இன்னோர் ஆள் ஆகியவற்றைக் காப்பீட்டு அட்டை தருவதில்லை. ஆணுக்கு நோய் வந்தால் இவை அத்தனையும் தாமாகவே ஏற்பாடாகிவிடுகின்றன. ஏற்பாடு செய்பவளே ஒரு பெண் என்பதால்.

தழும்பும் சிறுநீரகமும்

எய்ம்ஸின் இதயநோய்ப் பிரிவிலிருந்து 2011இல் இன்னோர் ஆய்வு வந்தது. பிறவியிலேயே இதயக் கோளாறு உள்ள, அறுவைச் சிகிச்சைக்குப் பரிந்துரைக்கப்பட்ட குழந்தைகளை அது பின்தொடர்ந்தது. ஓராண்டுக்குப் பிறகு பார்த்தால் ஆண் குழந்தைகளில் 70 சதவீதத்தினர் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருந்தார்கள். பெண் குழந்தைகளில் 44 சதவீதத்தினர். இங்கே நோய் கண்டறியப்பட்டுவிட்டது. மருத்துவர் சொல்லியும் ஆயிற்று. அதற்குப் பிறகும் ஒரு வாசல் இருந்திருக்கிறது. நெஞ்சில் தழும்பு விழுந்தால் நாளைக்கு யார் கட்டிக்கொள்வார்கள் என்ற கவலையும் அந்த வாசலில் காவல் நிற்கிறது. ஐந்து வயதுக் குழந்தையின் நெஞ்சைப் பார்க்கும்போது இருபது வருடம் கழித்து வரப்போகிற ஒரு மாப்பிள்ளையின் கண்ணால் பார்க்கிறது குடும்பம். அந்த மாப்பிள்ளை வருவதற்கு முன் அவள் உயிரோடு இருக்க வேண்டும் என்பது இரண்டாம் பட்சமாகிறது.

மருத்துவமனையின் எந்தப் பிரிவிலும் பெண்ணுக்குத் தட்டுப்பாடே இல்லாத இடம் ஒன்றும் உண்டு. உயிரோடிருக்கும்போதே சிறுநீரகம் தானம் செய்பவர்களில் பெரும்பகுதியினர் பெண்கள். மனைவி, தாய், சகோதரி. பெற்றுக்கொண்டவர்களின் கணக்கு வேறு. 1995 முதல் 2021 வரை இந்தியாவில் நடந்த 36,640 உறுப்பு மாற்று அறுவைச் சிகிச்சைகளில் 29,695 ஆண்களுக்கும் 6,945 பெண்களுக்கும் நடந்ததாக அரசின் உறுப்பு மாற்று அமைப்பு தந்த தரவுகள் காட்டுகின்றன. தானத்துக்கு முன் அவளுக்கு எல்லாப் பரிசோதனைகளும் நடக்கின்றன. ரத்தம், சிறுநீர், ஸ்கேன், இதயம். பல பெண்களுக்கு வாழ்நாளில் நடக்கிற ஒரே முழுப் பரிசோதனை அதுவாகத்தான் இருக்கும். அவள் உடம்பு நன்றாக இருக்கிறதா என்று அன்றைக்குத்தான் இந்த அமைப்பு அக்கறையாகக் கேட்கிறது, இன்னொருவருக்காக.

கருப்பைக்கு மட்டும் திறக்கும் கதவு

தமிழ்நாட்டில் நிலைமை இப்படியில்லை என்று நாம் பெருமைப்பட இடமுண்டு. 2019–21 தேசியக் குடும்ப நல ஆய்வின்படி இங்கே 99.6 சதவீதப் பிரசவங்கள் மருத்துவமனையிலோ சுகாதார நிலையத்திலோ நடக்கின்றன. கிராம சுகாதாரச் செவிலியர்களின் பல பத்தாண்டு உழைப்பு அந்த எண்ணுக்குள் இருக்கிறது. அதை நான் சிறிதும் குறைத்துச் சொல்ல மாட்டேன். ஆனால் அதே ஆய்வில் இன்னோர் எண்ணும் இருக்கிறது. 30 முதல் 49 வயதுள்ள பெண்களில், கருப்பைவாய்ப் புற்றுநோய்க்கான பரிசோதனையை வாழ்நாளில் ஒருமுறையேனும் செய்துகொண்டவர்கள் தமிழ்நாட்டில் 9.8 சதவீதம். இந்திய அளவில் 1.9 சதவீதம்தான் என்பதால் நாம் முன்னணியில் இருக்கிறோம்!

இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வாசியுங்கள். 99.6, 9.8. பேசப்படுவது ஒரே உறுப்பைப் பற்றித்தான். அதே கருப்பை, அதே பெண், பெரும்பாலும் அதே ஆரம்ப சுகாதார நிலையம். குழந்தை உள்ளே இருக்கும்வரை அந்தக் கருப்பை அரசுக்கும் குடும்பத்துக்கும் சொந்தம். மாதந்தோறும் எடை பார்க்கிறார்கள், ஊசி போடுகிறார்கள், போன் செய்து வரச் சொல்கிறார்கள். குழந்தை வெளியே வந்து, குடும்பக் கட்டுப்பாடும் ஆனபிறகு அது வெறும் அவளுடையதாகிவிடுகிறது. அவளுடையது என்று ஆனபிறகு கேட்பாரில்லை.

கேட்டால் என்ன தெரியவரும் என்பதை ராணி பங்கும் அபய் பங்கும் 1989இல் ‘லான்செட்’ இதழில் எழுதிய கட்டுரை காட்டியது. மகாராஷ்டிரத்தின் கட்சிரோலி மாவட்டத்தில் இரண்டு கிராமங்களைச் சேர்ந்த 650 பெண்களை அவர்கள் பரிசோதித்தார்கள். 92 சதவீதப் பெண்களுக்கு ஏதாவதொரு மகளிர் நோய் இருந்தது. அதற்குமுன் ஒருமுறையாவது அப்படியொரு பரிசோதனைக்கு உட்பட்டவர்கள் 8 சதவீதம். வெள்ளைப்படுதல், அடிவயிற்று வலி, இடுப்பு வலி, அடி இறங்குதல் என்று நம் பாட்டிகளுக்கும் இவற்றுக்குப் பெயர்கள் உண்டு. பெயர் இருந்தது, நோய் என்ற தகுதி மட்டும் இல்லை. ‘பொம்பளையாப் பொறந்தா இதெல்லாம் இருக்கும்’ என்பதுதான் நம் ஊரில் மிக அதிகமாகச் செய்யப்பட்ட நோயறிதல்.

இதற்கு நேரெதிராகத் தோன்றும் ஒன்று மகாராஷ்டிரத்தின் பீட் மாவட்டத்தில் நடந்தது. கரும்பு வெட்டும் பெண்களில் பலர் இளம் வயதிலேயே கருப்பையை எடுத்துக்கொண்டிருந்தது 2019இல் வெளியே வந்தது. அரசு அமைத்த குழு 82,309 பெண்களைக் கணக்கெடுத்தபோது 13,861 பேருக்குக் கருப்பை அகற்றப்பட்டிருந்தது. கணவனும் மனைவியும் சேர்ந்து ஒரு கூலி அலகு. முன்பணம் வாங்கியாயிற்று. ஒருநாள் வேலைக்கு வராவிட்டால் தண்டம். மாதவிலக்கும் வயிற்று வலியும் அங்கே கடனில் ஏறும் தொகை. வலியோடு போனவளிடம் ‘எடுத்துவிட்டால் தொல்லை விட்டது, இல்லாவிட்டால் புற்றுநோயாகிவிடும்’ என்று சொல்ல தனியார் மருத்துவமனைகள் இருந்தன. மேலே சொன்ன புறக்கணிப்பும் இந்த அவசர அறுவையும் எதிரெதிரானவை போலத் தோன்றினாலும் இரண்டின் வேர் ஒன்று. பயன்படும்வரை காக்கப்படுவது, இடைஞ்சலானால் அகற்றப்படுவது. இடையில் இருக்க வேண்டிய கேட்டல், சோதித்தல், காத்திருந்து மருந்து கொடுத்தல் என்ற மருத்துவம் அவளுக்குக் கிடைப்பதில்லை.

வெறியாட்டும் கேஸ் ஷீட்டும்

சங்க இலக்கியத்தில் நோயறிதல் பற்றிய மிக நுட்பமான காட்சிகள் குறிஞ்சித் திணையில் இருக்கின்றன. மகள் மெலிகிறாள். வளை கழல்கிறது, பசலை படர்கிறது. தாய் பதறிக் கட்டுவிச்சியை அழைக்கிறாள். முறத்தில் நெல்லைப் பரப்பிக் குறி பார்க்கப்படுகிறது. வேலன் கழங்கு போட்டு, இது முருகு அணங்கியதால் வந்தது என்கிறான். ஆட்டுக்குட்டியை அறுத்து வெறியாட்டு நடக்கிறது. தாய்க்கு உண்மையான அன்பு இருக்கிறது, வேலனுக்கு அவன் தொழில் தெரிந்திருக்கிறது. செலவும் பெரிது. ஆனால் அத்தனை பேரும் கூடியிருக்கும் அந்தக் களத்தில் மெலிந்தவளிடம் மட்டும் யாரும் எதுவும் கேட்பதில்லை. இதை வகுப்பில் நடத்தும்போதெல்லாம் ஏதாவதொரு மாணவி கேட்டுவிடுவாள், “அவகிட்டயே கேட்டிருக்கலாமே மேடம்?”

கேட்டிருக்கலாம். தலைவியின் நோய் காதல், வார்டில் இருப்பவளின் நோய் கட்டி என்ற வேறுபாட்டை நான் மறக்கவில்லை. நான் காட்ட விரும்புவது பேச்சின் அமைப்பை. நோய் அவளுடையது, அதைப் பற்றிய உரையாடல் மற்றவர்களுக்கிடையே நடக்கிறது. இன்றைக்கும் மருத்துவர் கணவனைப் பார்த்துத்தான் “எத்தனை நாளா இருக்கு?” என்று கேட்கிறார். “அம்மா கொஞ்சம் வெளிய உக்காருங்க” என்று அனுப்பிவிட்டு மகனிடம்தான் பயாப்சி முடிவைச் சொல்கிறார். நெஞ்சு அடைக்கிறது என்று சொல்பவளுக்கு வாயு என்று பதில் வருகிறது. மூச்சு வாங்குகிறது என்றால் மனசு என்று வருகிறது. மாரடைப்பு பெண்களிடம் நெஞ்சுவலியோடு மட்டுமல்லாமல் மூச்சுத்திணறலாகவும் குமட்டலாகவும் கடும் அசதியாகவும் வரக்கூடும் என்பது இன்று மருத்துவ நூல்களில் இருக்கிறது. அவள் சொல்வதைக் கேட்கும் காது இல்லாதபோது நூலில் இருந்து என்ன பயன்?

குறியும் இன்று நெல்லில் பார்க்கப்படுவதில்லை, ஒழுக்கத்தில் பார்க்கப்படுகிறது. சென்னையில் புற்றுநோய்ப் பதிவேடு 1980களின் தொடக்கத்தில் ஆரம்பித்தபோது பெண்களிடம் முதலிடத்தில் இருந்தது கருப்பைவாய்ப் புற்றுநோய். பிறகு அது குறைந்து, மார்பகப் புற்றுநோய் முதலிடத்துக்கு வந்தது. திருமண வயது, பிள்ளைகளின் எண்ணிக்கை, சுகாதாரம், உணவு, எடை, ஆயுள் நீளம் எனப் பல காரணங்கள் சேர்ந்து உண்டாக்கிய மாற்றம் இது. நம் பொதுப்புத்தியோ இரண்டுக்கும் ஒவ்வொரு தீர்ப்பு வைத்திருக்கிறது. கருப்பைவாயில் வந்தால் ‘நடத்தை’ பற்றிய சந்தேகம். மார்பகத்தில் வந்தால் ‘வேலைக்குப் போனாள், பால் கொடுக்கவில்லை’ என்ற குற்றச்சாட்டு. கருப்பைவாய்ப் புற்றுநோய்க்குக் காரணமான வைரஸ் வாழ்நாளில் ஒரே ஆணோடு வாழ்ந்தவளுக்கும் அந்த ஆணின் மூலமாகவே வரக்கூடும் என்பதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. இப்படியொரு தீர்ப்பு காத்திருக்கும்போது, மார்பில் கட்டி தட்டுப்பட்டவள் அதை மாதக்கணக்கில் மறைத்துவைப்பதை அறியாமை என்று எப்படிச் சொல்வது? அவளுக்கு எல்லாம் தெரியும். சொன்னால் என்ன ஆகும் என்பதும் தெரியும். பரவிய நிலையில் வந்து சேர்கிறார்களே என்று சிறப்பு மருத்துவர்கள் வருந்தும்போது, அந்தத் தாமதத்தின் உள்ளே இருப்பது இந்த அறிவுதான்.

கேட்டவர்கள்

வெறியாட்டுப் பாடல்களில் இன்னொரு குரலும் உண்டு. தோழி முன்வந்து உண்மையைச் சொல்லுவாள். அதற்கு அறத்தொடு நிற்றல் என்று பெயர். தமிழ் மருத்துவ வரலாற்றிலும் அப்படி நின்றவர்கள் இருக்கிறார்கள். தங்கையைப் புற்றுநோயில் பறிகொடுத்த முத்துலட்சுமி ரெட்டி, இந்திய மாதர் சங்கத்தின் வழியாக நிதி திரட்டித்தான் அடையாறு புற்றுநோய் மருத்துவமனையை 1954இல் தொடங்கினார். தொடக்கத்தில் 12 படுக்கைகள். அடுத்த ஆண்டு அங்கே சேர்ந்த வி. சாந்தா 2021இல் இறக்கும்வரை அங்கேயே இருந்தார். தமிழ்நாட்டின் முக்கியமான சிறப்பு மருத்துவமனை ஒன்று பெண்கள் இயக்கத்தின் வயிற்றில் பிறந்தது என்பதை நம் மருத்துவ வரலாறும் பெண்ணிய வரலாறும் போதிய அளவு சொல்லவில்லை.

இரண்டாவது உதாரணம் திண்டுக்கல் மாவட்டம். 2000க்குப் பிறகு அங்கே அம்பிளிக்கையை மையமாகக்கொண்டு ஓர் ஆய்வு நடந்தது. விலை உயர்ந்த கருவி எதுவும் இல்லை. பயிற்சி பெற்ற செவிலியர்கள் கருப்பைவாயில் நீர்த்த அசிட்டிக் அமிலத்தைத் தடவிப் பார்ப்பார்கள். வெள்ளையாக மாறும் இடம் இருந்தால் சந்தேகம். தேவைப்பட்டால் அப்போதே உறைய வைக்கும் சிகிச்சை. 2007இல் ‘லான்செட்’டில் வந்த முடிவின்படி, பரிசோதனை நடந்த ஊர்களில் கருப்பைவாய்ப் புற்றுநோய் 25 சதவீதமும் அதனால் வரும் மரணம் 35 சதவீதமும் குறைந்திருந்தன. பெண்ணைச் சிறப்பு மருத்துவமனைக்கு வரச் சொல்லாமல், நோயறிதல் அவள் ஊருக்குப் போனபோது நடந்தது இது. ஒப்பீட்டுக்காகப் பரிசோதனை இல்லாமல் விடப்பட்ட ஊர்களின் பெண்களை முன்வைத்து, இது அறமா என்ற கேள்வி பின்னர் எழுந்தது. அந்தக் கேள்வி நியாயமானது. ஏற்கெனவே யாருக்கும் எதுவும் கிடைக்காத இடத்தில் ‘வழக்கமான சிகிச்சை’ என்ற சொல்லுக்கு என்ன பொருள் என்று அந்தப் பெண்களின் பக்கம் நின்று கேட்க வேண்டியிருக்கிறது. ஆனால் அதைவிடப் பெரிய கேள்வி, வழி தெரிந்து இத்தனை ஆண்டுகளான பிறகும் நாம் ஏன் 9.8இல் நிற்கிறோம் என்பது.

சிறப்பு மருத்துவமனைகளின் புள்ளிவிவரங்களைத் தூக்கியெறியச் சொல்லவில்லை. அவற்றோடு சில வரிகளைச் சேர்த்து எழுதக் கேட்கிறேன். எத்தனை நாளாக இந்த வலி? முதலில் யாரிடம் சொன்னீர்கள்? இங்கே வரலாம் என்று முடிவு செய்தது யார்? முடிவை உங்களிடம் சொல்லலாமா? இந்த நான்கு கேள்விகளுக்கும் அவள் வாயிலிருந்து வரும் பதில்களை கேஸ் ஷீட்டில் எழுதினால், ‘ஆண்களிடம் அதிகம்’ என்று முடிகிற பல கட்டுரைகள் வேறுவிதமாக முடியும்.

இதைப் படிக்கும் மாணவிகளுக்கு ஒரு சின்ன வேலை தருகிறேன். அப்பாவுக்கோ அண்ணனுக்கோ பார்க்க என்று அம்மாவோடும் அத்தையோடும் அடுத்தமுறை பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும்போது, கவுண்டரில் இன்னொரு ஓபி சீட்டு போடுங்கள். அவர்கள் பெயரில். “எனக்கு ஒண்ணுமில்லை” என்பார்கள். அதை டாக்டர் பார்த்துச் சொல்லட்டும்.